கட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் 24 வீடுகள். வீட்டுக்கு மாதம் 2,500 ரூபாய் பராமரிப்புக் கட்டணம். வரவு செலவைப் பார்த்துக்கொள்பவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணக்கில் ஒரு பைசா விட மாட்டார். ஒரு மாதக் கடைசியில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க. 24 வீடும் கட்டியாச்சு. கால்குலேட்டர்ல போட்டா 60,000 வருது. எக்செல்ல 52,500-தான் காட்டுது. மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன்.”

திரையில் 24 தொகைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. கூட்டல் ஃபார்முலாவும் முதல் வீடு முதல் கடைசி வீடு வரை சரியாகவே ஓடியது. ஆனால் மூன்று தொகைகள் மட்டும் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. மற்ற 21-ம் வலது ஓரத்தில் இருந்தன. அந்த மூன்றையும் உற்றுப் பார்த்தேன். ‘2500/-’ என்று இருந்தது. ரசீதுப் புத்தகத்தில் இருந்ததை இருந்தபடியே அவர் மகள் பதிந்திருக்கிறார்.

காசோலையிலும் ரசீதிலும் தொகைக்குப் பின்னால் காலங்காலமாக நாம் போடும் அந்தச் சாய்கோடு நமக்குப் பணத்தின் அடையாளம். எக்செல்லுக்கோ அது எழுத்து. எண்ணோடு ஓர் எழுத்து ஒட்டினாலும் மொத்தமும் எழுத்தாகிவிடும். ‘சம்’ என்ற கூட்டல் ஃபார்முலா எழுத்தைக் கண்டால் பிழை என்று சொல்லாது. பேசாமல் தாண்டிப் போகும். மூன்று வீடு, 7,500 ரூபாய், கணக்கிலிருந்து காணாமல் போனது இப்படித்தான்.

விரிதாளில் வரும் தொல்லைகளை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை பிறக்கும் இடம் ஒன்றுதான். கட்டத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது வேறு, கட்டத்துக்குள் இருப்பது வேறு. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் குறுக்குவழிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்த இடத்தில் எதைச் செய்ய வேண்டும் என்பது தானாகவே தெரியவரும்.

பேரேட்டிலிருந்து திரைக்கு

1978-இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தார் டான் பிரிக்லின். வகுப்பில் கரும்பலகை முழுக்கக் கட்டம் போட்டு நிதிக் கணக்கு எழுதுவார்கள். நடுவில் ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்த எண்கள் அத்தனையையும் அழித்து எழுத வேண்டும். பலகையே தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க், 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. அதில் 63 நெடுவரிசைகள், 254 வரிசைகள். 1983-இல் ஐபிஎம் கணினிகளுக்கு லோட்டஸ் 1-2-3 வந்தது. 1985-இல் எக்செல் முதலில் ஆப்பிளின் மெக்கின்டாஷுக்கே வந்தது. விண்டோஸுக்கு வந்தது இரண்டு ஆண்டு கழித்து. இன்றைய எக்செல் தாளில் 16,384 நெடுவரிசைகளும் 10,48,576 வரிசைகளும் உள்ளன.

காகிதப் பேரேட்டில் எழுதியது எதுவோ அதுதான் இருப்பது. திரைக்கு வந்தபோது ஒரு கட்டம் மூன்று அடுக்காகப் பிரிந்தது. அடியில் நாம் தட்டிய எண்ணோ ஃபார்முலாவோ இருக்கிறது. அதன் மேல் கணினி கண்டறிந்த மதிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த மதிப்பைக் காட்டுவதற்கான உடுப்பு: ரூபாய்க் குறி, காற்புள்ளி, இத்தனை தசம இடம், தேதி வடிவம். நம் கண் பார்ப்பது உடுப்பை மட்டுமே. கணக்கு நடப்பது உள்ளே இருக்கும் மதிப்பில்.

எனவே முதல் பழக்கம், சந்தேகம் வந்தால் உள்ளே எட்டிப் பார்ப்பது. கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் மேலே உள்ள ஃபார்முலாப் பட்டையில் அடியில் இருப்பது தெரியும். எஃப்2 அழுத்தினால் ஃபார்முலா எந்தெந்தக் கட்டங்களைத் தொடுகிறது என்று வண்ணக் கோடு போட்டுக் காட்டும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு, 1-க்கு இடப்பக்கம் உள்ள விசையைத் தட்டினால் தாள் முழுவதும் உடுப்பைக் களைந்துவிட்டு ஃபார்முலாக்களாக நிற்கும். வரிசையாக ஒரே மாதிரி ஃபார்முலா ஓடும் இடத்தில் யாரோ கையால் தட்டிய ஓர் எண் இருந்தால் அப்போது பளிச்சென்று தெரிந்துவிடும். அதே விசைகளை மறுபடி அழுத்தினால் தாள் பழையபடி ஆகிவிடும்.

இதைவிட எளிய அடையாளம் ஓரம். நாமாக நகர்த்தாதவரை எண் வலது ஓரத்திலும் எழுத்து இடது ஓரத்திலும் நிற்கும். அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்து வைப்பவர்கள் இந்த இலவச எச்சரிக்கையைத் தாங்களே அணைத்துவிடுகிறார்கள். தொகைக்கு முன்னால் ரூபாய்க் குறி வேண்டுமானால் அதைத் தட்டக் கூடாது. எண்ணை மட்டும் தட்டிவிட்டு, கன்ட்ரோல் + 1 அழுத்தி வரும் வடிவப் பெட்டியில் உடுப்பை மாட்ட வேண்டும்.

கதவு எண் தேதியான கதை

நம் ஊர்களில் கதவு எண்ணைப் புதியது, பழையது என இரண்டாகச் சாய்கோடு போட்டு எழுதுவது வழக்கம். முகவரிப் பட்டியலில் 12/5 என்று தட்டி எண்டர் அழுத்துங்கள். மறுநொடி அது மே 12 ஆகிவிடும். தவறு புரிந்து அந்தக் கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றினாலும் 12/5 திரும்ப வராது. 2025-இல் பதிந்திருந்தால் அங்கே 45789 என்று நிற்கும். கதவு எண் போனது போனதுதான்.

இந்த 45789 எங்கிருந்து வந்தது? எக்செல் தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து அன்றிலிருந்து நாட்களை எண்ணிவருகிறது. 1947 ஆகஸ்ட் 15 அதற்கு 17394. 1950 ஜனவரி 26 அதற்கு 18289. ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்தைக் கழித்தால் சுதந்திர நாளுக்கும் முதல் குடியரசு நாளுக்கும் இடையே 895 நாட்கள் என்று சொல்லிவிடும். நேரம் என்பது ஒரு நாளின் பின்னம்; காலை ஆறு மணி 0.25, நண்பகல் 0.5. வட்டிக் கணக்கு, வேலை நேரக் கணக்கு எல்லாம் இவ்வளவு சுலபமாக இருப்பதற்குக் காரணம் இந்த ஏற்பாடே.

அந்த எண்ணிக்கையில் இல்லாத நாள் ஒன்றும் இருக்கிறது. 1900 லீப் ஆண்டு இல்லை. நூற்றாண்டு ஆண்டுகள் 400-ஆல் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. ஆனாலும் எக்செல்லில் 60 என்ற எண்ணைத் தேதியாக்கினால் 1900 பிப்ரவரி 29 வரும். லோட்டஸ் 1-2-3-இல் இருந்த பிழை அது. லோட்டஸ் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக எக்செல் அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. இன்றுவரை அது அப்படியே நீடிக்கிறது.

கதவு எண்ணுக்கு நேர்ந்தது உயிரியல் ஆய்வுக்கூடங்களிலும் நேர்ந்தது. மனித மரபணுக்கள் சிலவற்றுக்கு செப்ட்2, மார்ச்1 என்ற சுருக்கப் பெயர்கள் இருந்தன. ஆய்வாளர்கள் மரபணுப் பட்டியலை எக்செல்லில் ஏற்றியதும் அவை செப்டம்பர் 2 ஆகவும் மார்ச் 1 ஆகவும் மாறின. 2016-இல் மார்க் ஜீமனும் உடன் பணியாற்றியவர்களும் ஜீனோம் பயாலஜி இதழில் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டனர். எக்செல் மரபணுப் பட்டியலோடு வந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் மரபணுக்களே பெயரை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. பெயர் சூட்டும் பன்னாட்டுக் குழு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலுக்குப் பின் செப்ட்2 என்பது செப்டின்2. மார்ச்1 என்பது மார்ச்எஃப்1. தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதியை எக்செல் 2023-இல்தான் தந்தது.

நாம் செய்ய வேண்டியது, தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று அறிவித்துவிடுவது. ஒன்றிரண்டு கட்டம்தான் என்றால் முதலில் ஓர் ஒற்றை மேற்கோள் குறியைத் தட்டிவிட்டுக் கதவு எண்ணைத் தட்டலாம். அந்தக் குறி கட்டத்தில் தெரியாது, அச்சிலும் வராது. தட்டியது தட்டியபடியே இருக்கும்.

உண்மையான தேதிகளிலும் ஒரு கண்ணி உண்டு. கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்கா என்றிருந்தால், ஆகஸ்ட் 5 என்று நினைத்து நாம் தட்டும் 05/08/2024 அதற்கு மே 8. ஆனால் 13/08/2024 என்று தட்டினால் பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் அதை எழுத்தாக விட்டுவிடும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் மாறிப்போயும் சில எழுத்தாகவும் கலந்து கிடக்கும். தேதிகளில் சில இடது ஓரத்திலும் சில வலது ஓரத்திலும் நின்றால், வலது ஓரத்தில் நிற்பவற்றையும் நம்பாதீர்கள். 2024-08-05 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் தட்டுவது இந்தக் குழப்பத்தை முளையிலேயே தவிர்க்கும்.

பதினைந்து இலக்கமும் ஒரு பைசாவும்

16 இலக்கம் கொண்ட அட்டை எண்ணையோ கணக்கு எண்ணையோ எக்செல்லில் எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். ஒவ்வோர் எண்ணுக்கும் 64 இருநிலை இலக்கங்கள், அதாவது பிட்கள், ஒதுக்கப்பட்டிருக்கின்றன; அந்த இடத்துக்குள் அடங்குவது அவ்வளவுதான். சென்னையின் 044 எண்ணாகத் தட்டப்பட்டால் 44 ஆகிவிடும், ஏனென்றால் எண்ணுக்கு முன்னால் நிற்கும் சுழியத்துக்கு மதிப்பில்லை. இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. இதை எப்போதாவது கூட்டிப் பார்ப்போமா? தொலைபேசி எண், அஞ்சல் குறியீட்டு எண், கணக்கு எண் எதையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே அவை எண் வேடத்தில் வந்த எழுத்துகள். அவற்றை ‘டெக்ஸ்ட்’ ஆகவே வையுங்கள்.

பைசாக் கணக்கு இன்னும் நுட்பமானது. 37.25 ரூபாய்ப் பொருள் ஒன்றுக்கு 9 விழுக்காடு வரி 3.3525. இரண்டு தசம இடம் என்று வடிவம் கொடுத்திருந்தால் திரையில் 3.35 தெரியும். அதே பொருள் மூன்று வரிசையில் இருந்தால் நாம் கையால் கூட்டுவது 10.05. எக்செல் காட்டுவது 10.06. எக்செல் தவறவில்லை; அது உள்ளே இருக்கும் 3.3525-ஐ மூன்று முறை கூட்டி, 10.0575-ஐ உடுப்புக்கு ஏற்பக் காட்டுகிறது. நாம் உடுப்பைக் கூட்டினோம், அது மதிப்பைக் கூட்டியது. ரசீதில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு தசமம் வரை மட்டுமே வசூலிக்கிறோம் என்றால் வரி கணக்கிடும் இடத்திலேயே ‘ரவுண்ட்’ ஃபார்முலாவைப் போட்டு மதிப்பையே முழுமையாக்க வேண்டும். தசமங்களை மறைக்கும் பொத்தான் எண்ணை மாற்றாது.

இதற்கும் அடியில் ஓர் அறிவியல் இருக்கிறது. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதப் போனால் 0.333 என்று முடியாமல் நீள்கிறதல்லவா, அதுபோலப் பத்தில் ஒன்றை இரண்டின் அடுக்குகளில் எழுதப் போனால் முடியாமல் நீளும். எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். எக்செல்லில் =1*(0.5-0.4-0.1) என்று தட்டிப் பாருங்கள். விடை சுழியமாக இருக்காது. தசமப் புள்ளிக்குப் பின் 16 சுழியங்கள் கடந்து 278 என்று தொடங்கும் மிகச் சிறிய எதிர்ம எண் வரும். வரவும் செலவும் சமமா என்று ஃபார்முலாவால் சோதிக்கும்போது, கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தும் விடை ‘இல்லை’ என்று வந்தால் பெரும்பாலும் இதுவே காரணம். இரண்டு பக்கத்தையும் ரவுண்ட் செய்துவிட்டு ஒப்பிடுங்கள்.

பக்கத்து வீடும் தெருமுனைக் கோயிலும்

ஃபார்முலாவை இழுத்து நகலெடுப்பது விரிதாளின் பெரிய வசதி. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான்.

சி2 கட்டத்தில் =பி2*எஃப்1 என்று எழுதியிருக்கிறீர்கள். பி2-இல் தொகை, எஃப்1-இல் வட்டி விகிதம். கீழே இழுத்தால் முதல் வரிசை சரியாக இருக்கும்; அடுத்த வரிசையில் =பி3*எஃப்2 ஆகிவிடும். எஃப்2-இல் ஒன்றும் இல்லை. விடை சுழியம். ஏன்? கண்ணுக்கு எஃப்1 என்று தெரிந்தாலும் எக்செல் அதை ‘எனக்கு மூன்று நெடுவரிசை வலப்பக்கம், ஒரு வரிசை மேலே’ என்றுதான் நினைவில் வைத்துக்கொள்கிறது.

வழி சொல்வதில் இரண்டு விதம் உண்டு. ‘எங்கள் பக்கத்து வீட்டில் கேளுங்கள்’ என்று நான் சொல்வதும் அடுத்த தெருவில் குடியிருப்பவர் சொல்வதும் வேறு வேறு வீடுகள். ‘தெருமுனைப் பிள்ளையார் கோயில்’ என்றால் அந்தத் தெருவில் யார் சொன்னாலும் ஒரே இடம். சாதாரண முகவரி பக்கத்து வீடு. டாலர் குறி போட்ட முகவரி பிள்ளையார் கோயில். =பி2*$எஃப்$1 என்று எழுதிவிட்டால் எங்கே இழுத்தாலும் விகிதம் அதே கட்டத்திலிருந்து வரும். முகவரியின் மேல் நின்றுகொண்டு எஃப்4 விசையைத் தட்டினால் டாலர் குறிகள் தாமாக ஏறும். மறுபடி தட்டினால் வரிசை மட்டும், அடுத்த முறை நெடுவரிசை மட்டும் பூட்டப்படும்.

இதோடு சேர்ந்த பழக்கம், மாறக்கூடிய எண் எதையும் ஃபார்முலாவுக்குள் புதைக்காமல் இருப்பது. வட்டி விகிதம், வரி விகிதம், மாதக் கட்டணம் எல்லாம் தாளின் மேலே தனிக் கட்டங்களில், பக்கத்தில் பெயரோடு இருக்கட்டும். அடுத்த ஆண்டு கட்டணம் உயரும்போது ஓரிடத்தில் மாற்றினால் போதும். பிரிக்லின் கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து ஆசைப்பட்டதும் இதைத்தான்.

அகராதியில் தேடுவது போல

வீட்டு எண்ணைக் கொடுத்தால் உரிமையாளர் பெயரை எடுத்துத் தரும் விலுக்அப் ஃபார்முலாவை அலுவலகங்களில் தெரியாதவர் குறைவு. அதன் நான்காவது உள்ளீட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை.

விட்டுவிட்டால் அது ‘ஏறக்குறைய’ தேடும். அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது நடுவில் பிரித்துப் பார்த்து, முன்பாதியா பின்பாதியா என்று முடிவு செய்து, மறுபடி அந்தப் பாதியின் நடுவைப் பிரிக்கிறோம். அதே முறை. எக்செல் தாளின் 10,48,576 வரிசைகள் என்பது இரண்டை இருபது முறை பெருக்கினால் வரும் எண். தாள் முழுக்க நிரம்பியிருந்தாலும் இருபது முறை பாதியாக்கினால் இடம் கிடைத்துவிடும். ஆனால் அகராதி அகரவரிசையில் இருந்தால்தான் இது நடக்கும். பட்டியல் வரிசைப்படுத்தப்படாமல் கிடந்தால் தேடல் தவறான பாதிக்குள் போய், வேறொருவர் பெயரை நிதானமாக எடுத்துக்கொண்டு வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆகவே நான்காவது இடத்தில் ‘ஃபால்ஸ்’ அல்லது 0 போடுவதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். புதிய எக்ஸ்லுக்அப், சொல்லாமலேயே துல்லியமாகத் தேடும்.

ஏறக்குறையத் தேடுவதற்கும் ஓர் உரிய இடம் உண்டு. மதிப்பெண்ணுக்குத் தரம் போட 0, 35, 60, 75 என்று ஏறுவரிசையில் எல்லைகளையும் பக்கத்தில் தரங்களையும் எழுதிக்கொண்டு, 68-ஐத் தேடச் சொன்னால் 60-இன் தரத்தைத் தரும். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு ‘இஃப்’ ஃபார்முலாக்களைச் செருகி அடைப்புக்குறி எண்ணும் வேலை மிச்சம்.

கொம்பும் இடைவெளியும்

பெயர் கண்ணெதிரே இருக்கிறது, விலுக்அப் ‘இல்லை’ என்கிறது. இந்த நிலையில் ‘லென்’ ஃபார்முலாவைக் கேளுங்கள். கட்டத்தில் எத்தனை எழுத்துக் குறிகள் இருக்கின்றன என்று அது எண்ணிச் சொல்லும். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு என்றால், கடைசியில் ஓர் இடைவெளி ஒளிந்திருக்கிறது. ‘ட்ரிம்’ அதைத் துடைத்துவிடும். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தவற்றில் ட்ரிம்முக்கும் அசையாத ஒரு தனி இடைவெளி இருக்கும். அதன் குறியீட்டு எண் 160. ‘சப்ஸ்டிட்யூட்’ ஃபார்முலாவில் கேரக்டர் 160-ஐக் கொடுத்து அதை நீக்கலாம்.

தமிழில் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு லென் இன்னொரு பாடமும் சொல்லும். ‘தமிழ்’ என்று தட்டி எண்ணச் சொன்னால் ஐந்து என்னும். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆகவே பெயரின் முதல் எழுத்தை எடுக்க ‘லெஃப்ட்’ ஃபார்முலாவைப் போட்டால் முருகனுக்கு ‘மு’ வராது, ‘ம’ வரும். சேகருக்கு ‘ச’ வரும். ‘சே’ என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. உள்ளே முதலில் இருப்பது சகரம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பட்டியலில் நிலைமை இன்னும் மோசம். அங்கே திரையில் மட்டும்தான் தமிழ், அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். யூனிகோடுக்கு மாற்றாமல் அந்தப் பட்டியலில் எதையும் தேட முடியாது. சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து தமிழ் சிதைந்து தெரிந்தால், அதை மூடிவிட்டு ‘டேட்டா’ பட்டி வழியாக உள்ளே எடுத்து, யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள்.

‘கு. முருகன்’ என்ற பெயர்களிலிருந்து தலைப்பெழுத்தைத் தனியாகப் பிரிக்க ஃபார்முலாகூட வேண்டாம். பக்கத்து நெடுவரிசையில் முதல் வரிசைக்கு மட்டும் ‘முருகன்’ என்று தட்டிவிட்டு, அடுத்த கட்டத்தில் கன்ட்ரோல் + ஈ அழுத்தினால், எக்செல் நம் நோக்கத்தை ஊகித்து மீதியை நிரப்பும். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் சுமித் குல்வானி உருவாக்கிய முறை இது; எக்செல் 2013-இல் ஃபிளாஷ் ஃபில் என்ற பெயரில் வந்தது. இங்கும் உள்ளே இருப்பதை மறக்கக் கூடாது. நிரப்பப்பட்டவை வெறும் எழுத்துகள், ஃபார்முலாக்கள் இல்லை. மூலப் பெயரைத் திருத்தினால் இவை மாறாது.

விடுபட்ட வரிசைகள்

கட்டங்களைச் சரியாக வைத்திருந்தாலும் வரிசைகளைத் தொலைக்க முடியும். மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

2010-இல் பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும், நாட்டின் கடன் உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரிகிறது என்று எழுதினார்கள். சிக்கன நடவடிக்கைக்கு ஆதரவாக அரசியல் மேடைகளில் அது எடுத்துக்காட்டப்பட்டது. 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவர்களுடைய விரிதாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, சராசரி ஃபார்முலா 49-ஆம் வரிசை வரை போகாமல் 44-ஆம் வரிசையிலேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் கணக்கில் வரவில்லை. தரவைத் தேர்ந்த விதத்திலும் சராசரி எடுத்த முறையிலும் பெரிய கோளாறுகள் இருந்தன. விரிதாள் பிழையின் பங்கு சிறிது. ஆனால் ஃபார்முலாவைச் சொடுக்கிப் பார்த்தாலே தெரிந்திருக்கும் பிழை அது.

2020 அக்டோபரில் இங்கிலாந்தில் கொரோனா உறுதியான 15,841 பேர் தினசரிக் கணக்கில் சேராமல் போனது தெரியவந்தது. ஆய்வகங்களிலிருந்து வந்த தகவலைப் பொதுச் சுகாதாரத் துறை பழைய எக்செல் வடிவக் கோப்பில் ஏற்றியது. அந்த வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மீதி உதிர்ந்துபோனது. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை நாட்கணக்கில் தாமதமானது.

2008-இல் லேமன் பிரதர்ஸ் திவாலானபோது அதன் சொத்துகளில் ஒரு பகுதியைப் பார்க்லேஸ் வாங்கியது. வாங்க விரும்பாத 179 ஒப்பந்தங்கள் விரிதாளில் மறைத்துவைக்கப்பட்டிருந்தன. வழக்கறிஞர் அலுவலகத்தில் நள்ளிரவு அவசரத்தில் தாளைச் சீரமைத்து பிடிஎஃப் ஆக்கியபோது, மறைந்திருந்த வரிசைகள் வெளியே வந்து வாங்கும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. தவறைத் திருத்த நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது.

மூன்றுக்கும் கையடக்கத் தடுப்புகள் உண்டு. பட்டியலுக்குள் நின்று கன்ட்ரோல் + டி (T) அழுத்தி அதை ‘டேபிள்’ ஆக்கிவிட்டால், அடியில் புது வரிசை சேரும்போது அந்த டேபிளைச் சுட்டும் ஃபார்முலாக்களின் எல்லை தானாக நீளும். கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும்போது முன்னே எத்தனை வரிசை, பின்னே எத்தனை வரிசை என்று ‘கவுன்ட்ஏ’ போட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். சம் ஃபார்முலா மறைந்த வரிசைகளையும் சேர்த்தே கூட்டும் என்பதை மறக்காதீர்கள். கண்ணுக்குத் தெரிபவற்றை மட்டும் கூட்ட ‘சப்டோட்டல்’ ஃபார்முலாவை 109 என்ற எண்ணோடு பயன்படுத்த வேண்டும். வேண்டாத வரிசையை மறைத்துவைக்காமல் வேறு தாளுக்கு நகர்த்துவது எல்லாவற்றிலும் நல்லது.

நிறம் கணக்கில் வராது

எங்கள் கணக்காளர் பாக்கி வைத்தவர்களின் கட்டத்துக்குச் சிவப்பு பூசுவார். முன்பணம் தந்தவர்களுக்குப் பச்சை. பார்த்ததும் புரியும். ஆனால் எத்தனை பேர் பாக்கி என்று எந்தச் சாதாரண ஃபார்முலாவையும் கேட்க முடியாது. நிறம் உடுப்பைச் சேர்ந்தது. கட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. ‘நிலை’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, டேட்டா வேலிடேஷன் மூலம் ‘கட்டியது’, ‘பாக்கி’, ‘முன்பணம்’ என்ற மூன்றில் ஒன்றை மட்டும் தேர்வு செய்யும்படி வைத்தோம். சொல்லைப் பார்த்து நிறம் தானாக ஏறும்படி ‘கண்டிஷனல் ஃபார்மட்டிங்’ செய்தோம். இப்போது நிறமும் இருக்கிறது, எண்ணவும் முடிகிறது.

கட்டங்களை ஒன்றாக இணைப்பதும் இதே வகை. நான்கு வரிசையை இணைத்து ‘ஏ பிளாக்’ என்று எழுதினால் நம் கண் நான்குக்கும் அந்தப் பெயரைப் பொருத்திக்கொள்ளும். உள்ளே பெயர் முதல் கட்டத்தில் மட்டுமே இருக்கும். மற்ற மூன்றும் காலி. வடிகட்டும்போதும் வரிசைப்படுத்தும்போதும் தாள் குலைவது இதனால்தான். ஒரு வரிசைக்கு ஒரு வீடு, ஒரு நெடுவரிசைக்கு ஒரு செய்தி, மேலே ஒரே ஒரு தலைப்பு வரிசை, நடுவில் காலி வரிசை கூடாது. இப்படி வைத்த பட்டியலில் பிவட் டேபிள் போட இரண்டு நிமிடம் போதும். மாத வாரி, பிளாக் வாரி, நிலை வாரி என்று எப்படிக் கேட்டாலும் அது தொகுத்துத் தரும்.

அன்று அந்த மூன்று கட்டங்களிலும் சாய்கோட்டை அழித்ததும் தொகை 60,000 ஆனது. அவர் உடனே கிளம்பவில்லை. “இனிமே இப்படி நடந்தா எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். சரியான கேள்வி. கூட்டுத்தொகைக்குக் கீழே இரண்டு கட்டங்கள் சேர்த்தோம். ஒன்றில் ‘கவுன்ட்ஏ’, நிரம்பிய கட்டங்கள் எத்தனை என்று எண்ணும். இன்னொன்றில் ‘கவுன்ட்’, அவற்றில் எண்ணாக இருப்பவை எத்தனை என்று மட்டும் எண்ணும். சோதித்துப் பார்க்க அவரே ஒரு கட்டத்தில் 2500/- என்று தட்டினார். முதலாவது 24 என்றது. இரண்டாவது 23 என்றது.

இப்போது மாதக் கடைசியில் அவர் முதலில் பார்ப்பது தொகையை இல்லை, அந்த இரண்டு எண்களை. இரண்டும் 24 என்றால் அறிக்கையை அச்செடுத்து மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒட்டுகிறார். கோப்பின் முதல் தாளில், எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது, எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று தமிழில் பத்து வரி எழுதியும் வைத்திருக்கிறார். அடுத்து இந்தப் பொறுப்புக்கு வருபவருக்காக.